பத்து முறை எழுதியும் வராத ஸ்பெல்லிங்

டிக்டேஷனில் தப்பாகப் போன சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொல்வது நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வைத்தியம். எழுத்தும் ஒலியும் ஏற்கெனவே பிடிபட்டுவிட்ட பிள்ளைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை; கை வலிக்கும், சொல் மனத்தில் தங்கிவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் பத்து வரியும் எழுதும். நான்காவது வரியில் ஓர் எழுத்து இடம் மாறும். ஐந்தாவது வரி நான்காவதைப் பார்த்து எழுதப்படும். பக்கம் முடியும்போது அந்தப் பிழைக்கு ஆறேழு முறை பயிற்சி கிடைத்திருக்கும். மறுநாள் கேட்டால் இரண்டுமில்லாத வேறொரு ஸ்பெல்லிங் வரும். "வாய் மட்டும் நல்லா பேசுது, எழுதச் சொன்னா வரமாட்டேங்குது" என்று வீட்டிலும், "கவனம் போதாது" என்று ரேங்க் கார்டிலும் தீர்ப்பு எழுதிவிடுவோம். அதற்கும் மேலே போய் டியூஷனில் சேர்த்தால், அங்கேயும் அதே பத்து முறை. இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி ஏராளமாகக் கிடைத்துவிட்டது, கிடைக்காதது பாடம். ஒரு சொல்லில் எத்தனை ஒலிகள் இருக்கின்றன, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதை யாரும் படிப்படியாக, ஒன்றும் விட்டுப்போகாமல் கற்றுத்தரவில்லை. அப்படிக் கற்றுத்தரும் முறைக்குத்தான் போனிக்ஸ் என்று பெயர். டிஸ்லெக்சியாவுக்கு இன்று கையில் இருக்கும் சிகிச்சைகளில் ஆதாரம் உறுதியாக நிற்பது இதற்கு மட்டுமே. ஆனால் நம் ஊரில் கண்டறிதல், சான்றிதழ், தேர்வுச் சலுகை என்று எல்லாம் நடக்கிறது. இந்தப் பாடம் மட்டும் நடப்பதில்லை.

மருத்துவ உலகம் இந்தக் கோளாறை முதலில் கண்ணில்தான் தேடியது. 1896 நவம்பரில், இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற ஊரின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கணக்கில் தடங்கல் இல்லை, பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் பல வருடப் படிப்புக்குப் பிறகும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார். கட்டுரையின் தலைப்பு 'பிறவிச் சொற்குருடு' என்றிருந்தது. 1920களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்டன், மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான குழப்பத்தால் எழுத்துகள் திரும்பித் தெரிகின்றன என்று விளக்கினார். எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும், பக்கத்தில் நடனமாடும் என்று இன்றும் ஓடும் நம்பிக்கைக்கு வேர் இங்கே இருக்கிறது. நம் நாட்டில் டிஸ்லெக்சியா என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோன 'தாரே ஜமீன் பர்' படமும் (2007) அந்தக் காட்சியைத்தான் மனத்தில் பதித்தது. 1970களில் ஃபிராங்க் வெலுட்டினோ என்ற உளவியலாளர் இந்த விளக்கத்தை ஓர் எளிய சோதனையால் அசைத்தார். ஹீப்ரு தெரியாத அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் சரளமாக வாசிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு எழுதினார்கள். கண்ணிலோ உருவத்தை நினைவில் வைப்பதிலோ பழுது இருந்தால் அங்கேயும் அது வெளிப்பட்டிருக்க வேண்டும்.

பழுது வேறு இடத்தில் வெளிப்படுகிறது. 'பால்' என்ற சொல்லில் முதலில் வரும் 'ப்'பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 'ஆல்' என்று சொல்வதற்கு எழுத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. காதால் கேட்ட சொல்லை உடைக்கத் தெரிந்தால் போதும். 'மணி'யில் 'ம்'மை நீக்கினால் 'அணி'. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகள் திணறுவது இங்கேதான். 'மணி' என்பதன் பொருள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், உச்சரிப்பும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தச் சொல் அவர்கள் காதில் பிரிக்க முடியாத ஒரே கட்டியாக விழுகிறது. பேச்சுக்கு இந்தப் பிரிப்பு தேவையில்லாததால், பள்ளிக்கூடம் போகும்வரை குறை வெளியே தெரியாது. எழுத்து என்ற ஏற்பாடே ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் இடுவதில்தான் நிற்கிறது. ஒலி பிரிந்து கேட்காத பிள்ளைக்கு எழுத்து எதைக் குறிக்கிறது என்பதே புரியாது. அதனால் சொல்லை முழுப் படமாக மனப்பாடம் செய்து சமாளிக்கும். ஒன்றாம் வகுப்பின் நூறு சொற்களை அப்படிச் சமாளித்துவிடலாம். மூன்றாம் வகுப்பில் சொற்கள் ஆயிரத்தைத் தாண்டும்போது மனப்பாடம் கைவிடும். முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கத் தொடங்கும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் இருவரும் 1983இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒலிகளை இனம் பிரிப்பதில் பின்தங்கிய சிறு பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள், ஒரே ஒலியில் முடியும் சொற்கள் என்று காதால் சேர்க்கப் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்து, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று காட்டினார்கள். ஒலியையும் எழுத்தையும் சேர்த்துக் கற்ற குழு முன்னே போனது. வாசிப்பைவிட எழுத்துக்கூட்டலில் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 38 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஒழுங்கு வரிசையில் ஒலி-எழுத்து உறவைக் கற்பிக்கும் முறை மற்ற முறைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாகத் தெரிந்தது. ஒன்றாம் வகுப்பிலும் அதற்கு முன்னும் தொடங்கியதன் பலன், பிறகு தொடங்கியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிஸ்லெக்சியாவுக்கென்றே நேரடியாகப் பேசுவது 2014இல் ஜெர்மனியிலிருந்து கதரினா கலுஷ்காவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட தொகுப்பாய்வு. வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம், குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த 22 சோதனைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். காது கேட்கும் பயிற்சி, வண்ணத் தகடு, மருந்து, சரளப் பயிற்சி என்று பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் பலன் புள்ளிவிவரப்படி நிரூபணமானது போனிக்ஸுக்கு மட்டுமே.

அப்படியானால் அந்தப் பாடம் எப்படி இருக்கும்? முதல் நாளே ஏ முதல் இசட் வரை 26 எழுத்தையும் கொட்டுவதில்லை. இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக உள்ள ஒரு வரிசை எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்குகிறது. ஆறே எழுத்தில் பின், டின், டிப், பிட், சிட் என்று வரிசையாகச் சொற்கள் கிடைத்துவிடும் என்பதுதான் காரணம். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒலியைச் சொல்லிப் பழக வேண்டும். 'சி, ஏ, டி' என்று மூன்று பெயர்களை எத்தனை வேகமாகச் சொன்னாலும் அதிலிருந்து 'கேட்' என்ற பூனை வெளியே வராது. 'க்', 'ஏ', 'ட்' என்று ஒலிகளைச் சேர்த்தால் வரும். அடுத்து வருவது கட்டங்கள். தனீல் எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்ற சொல்லுக்கு ஆசிரியர் மூன்று கட்டம் வரைவார். பிள்ளை 'ஷ்' என்று சொல்லி முதல் கட்டத்தில் ஒரு காசைத் தள்ளும், 'இ'க்கு ஒன்று, 'ப்'புக்கு ஒன்று. காசுகள் இடம் பிடித்த பிறகுதான் எழுத்து. முதல் கட்டத்தில் எஸ், எச் என்ற இரண்டு எழுத்துகள் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரிகிறது: எழுத்து நான்கு, ஒலி மூன்று. அந்தச் சொல்லைப் பத்து முறை எழுதும் பிள்ளைக்கு இந்த விவரம் ஒருநாளும் தெரியவராது. அன்றைக்குக் கற்ற எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய சிறு கதைப் புத்தகம் ஒன்றை அதே நாளில் வாசிக்கக் கொடுப்பார்கள். ஊகிக்க வழியில்லாமல், வாசித்தே ஆக வேண்டும். மறுநாள் புதிய எழுத்துக்குப் போகும் முன் பழையவை மீண்டும் வரும். சாதாரணமாக நான்கு முறையில் பிடிபடும் ஒலிக்கு இந்தப் பிள்ளைக்கு நாற்பது முறைகூடத் தேவைப்படலாம். அதைப் பொறுமையாகக் கொடுப்பதுதான் இந்தப் பாடத்தின் பாதி.

வாசிப்பைவிட ஸ்பெல்லிங் கடினம். டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வளர்ந்து நன்றாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் எழுத்துக்கூட்டலில் இடறுவது அதனால்தான். வாசிக்கும்போது எழுத்து கண்முன்னால் இருக்கிறது, ஒலியைக் கண்டுபிடித்தால் போதும். எழுதும்போது ஒலி மட்டுமே கையில் இருக்கிறது. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் போட்டிக்கு வருகின்றன. 'க்' என்று முடியும் ஆங்கிலச் சொல்லுக்கு சி போடுவதா, கே போடுவதா, இரண்டையுமா? நம் வகுப்பறைகளில் இதற்குக் கிடைக்கும் பதில் "மனப்பாடம் பண்ணு". ஆனால் இங்கே ஒரு விதி இருக்கிறது. ஓரசைச் சொல்லில் குறுகிய உயிரொலியை ஒட்டி உடனே 'க்' வந்தால் சி, கே இரண்டும் சேர்ந்து வரும்: பேக், டக், சிக். நடுவில் இன்னொரு மெய் புகுந்தால் கே மட்டும்: மில்க், பேங்க். இறந்தகாலத்தைக் காட்டும் இ-டி விகுதி 'ஜம்ப்ட்' என்பதில் ஒரு மாதிரி, 'பிளேய்ட்' என்பதில் ஒரு மாதிரி, 'வான்டட்' என்பதில் தனி அசையாக என்று மூன்று விதமாக ஒலிக்கும், எழுத்து மாறாது. 'சைன்' என்ற சொல்லில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் ஜி, 'சிக்னல்', 'சிக்னேச்சர்' என்ற உறவுக்காரச் சொற்களில் வாய் திறந்து பேசுகிறது. அந்த உறவைக் காட்டவே அது அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பிடிப்பதற்கு ஒரு கொம்பு கிடைக்கும். நல்ல போனிக்ஸ் பாடம் ஒலியில் தொடங்கி, விதிக்குப் போய், சொல்லின் வேருக்குப் போகும். சந்தையில் போனிக்ஸ் என்ற பெயரில் விற்கும் பாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் முதல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

உடனே எழும் ஆட்சேபம்: ஆங்கிலத்துக்கு ஏது விதி? எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்று நாமே கேலி செய்யும் மொழி அல்லவா? இந்தக் கேள்வியை ஸ்டான்ஃபோர்டில் பால் ஹன்னாவும் சகாக்களும் 1966இலேயே கணினியிடம் கேட்டுவிட்டார்கள். 17,000க்கும் மேற்பட்ட சொற்களின் ஒலிகளையும், ஒலி-எழுத்து விதிகளையும் கொடுத்து எழுதச் சொன்னதில், அது கிட்டத்தட்டப் பாதிச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதியது. மேலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சொற்களில் ஒரே ஓர் ஒலியில் மட்டும் தவறியது. சொல்லின் பொருளோ வேரோ விகுதியோ எதுவும் அந்தக் கணினிக்குத் தெரியாது. அவற்றையும் சேர்த்துக் கற்பிக்கும்போது பிழை இன்னும் சுருங்கும். அடங்காத சொற்கள் என்று நாம் ஒதுக்குபவற்றிலும் அடங்காதது ஓர் எழுத்தோ இரண்டோதான். 'செட்' என்று ஒலித்து எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதப்படும் சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் விதிப்படியே நடக்கின்றன. நடுவில் இருப்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். நான்கு எழுத்தையும் உருப்போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நினைவாற்றல் ஏற்கெனவே திணறும் பிள்ளைக்குப் பெரியது. மொழி ஒழுங்கில்லாதது என்ற வாதம், உண்மையில், ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும் என்பதற்கான வாதமாகவே முடிகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. வாசிப்பு என்பது பொருள் காண்பது. ஒலியைத் துண்டுதுண்டாக்கிச் சொல்லிக்கொடுத்தால் கிளிப்பிள்ளைகள்தான் உருவாகும் என்பது. இந்த எண்ணத்தில் அமெரிக்கப் பள்ளிகள் பல ஆண்டுகள் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று ஊகி என்று கற்பித்தன. மட்டக்குதிரைப் படத்தின் கீழே 'போனி' என்று எழுதியிருக்க, 'ஹார்ஸ்' என்று வாசித்த பிள்ளைக்குப் பொருள் பிடிபட்டதாகப் பாராட்டும் கிடைக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஊகிக்கச் சொல்லித்தரத் தேவையே இல்லை. அதில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருக்கும். அதன் குறை மறைந்து வளர இந்த முறை பாய்விரித்தது. ஆனால் ஆட்சேபத்தில் உண்மையும் உண்டு. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் வாசிப்புத் திறனை ஒரு பெருக்கலாக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். எது சுழியானாலும் விடை சுழி. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு இரண்டாவது பக்கம்தான் பலவீனம். 'டின்' என்று சரியாக ஒலித்துக் காட்டும் பிள்ளைக்கு அது தகரடப்பா என்று தெரியாவிட்டால், தான் வாசித்தது சரிதானா என்று சோதித்துப் பார்க்கவே வழியில்லை. ஆகவே நம் ஊரில் போனிக்ஸ் நடத்தும் ஆசிரியர், வாசிக்கப்போகும் சொற்களை முதலில் வாயாலும் கையாலும் பொருளாலும் பழக்கிவிட்டுத்தான் எழுத்துக்கு வர வேண்டும். வெளிநாட்டுப் பாடத் தொகுப்பை அப்படியே வாங்கி நடத்தினால் கிளிப்பிள்ளை என்ற குற்றச்சாட்டு உண்மையாகிவிடும்.

தமிழ் வாய்க்கென்று சில தனிச் சிக்கல்களும் இருக்கின்றன. மெய்யில் முடியும் சொல்லை நாம் 'பஸ்ஸு', 'புக்கு' என்று உகரம் சேர்த்தே பேசுகிறோம். அதே பழக்கத்தில் ஆசிரியர் 'கு-ஏ-டு' என்று ஒலி பிரித்துக் காட்டினால், பிள்ளை சேர்த்துச் சொல்லும்போது 'குஏடு' என்று எங்கேயோ போய் முட்டும். புள்ளி வைத்த மெய் என்ற கருத்தைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இந்தத் தவறு நேரக்கூடாது. 'ட்' என்று வெட்டி நிறுத்தக் கற்றுக்கொடுப்பது சுலபம். அடுத்தது பி, டி, ஜி போன்ற எழுத்துகளின் குரலொலி. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் இந்த ஒலி இயல்பாக வருவதில்லை, தமிழ் எழுத்தும் 'பேட்' என்று எழுதிய சொல் மட்டையா, தட்டிக்கொடுப்பதா என்று பிரித்துக் காட்டாது. தொண்டையில் கைவைத்து, அதிர்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொன்னால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். 'கேட்' என்று நாம் எழுதும் சொல்லின் ஆங்கில உயிரொலியும் தமிழில் இல்லாதது. இந்த இடங்களில் எல்லாப் பிள்ளைகளும் பிழை செய்வார்கள் என்பதால், டிஸ்லெக்சியா எது, அந்நிய ஒலி எது என்று பிரித்தறிய ஆசிரியருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

"தமிழ் ஓரளவு வாசிக்குது, இங்கிலீஷ்தான் வரலை, அப்ப டிஸ்லெக்சியா இல்லைதானே?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அப்படிச் சொல்லிவிட முடியாது. டேகோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் இருவரும் 1999இல் ஒரு பதின்வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். ஆங்கிலத்தில் கடுமையாகத் திணறிய அவன் ஜப்பானிய மொழியை வயதுக்கேற்றபடி வாசித்தான். 2001இல் எரால்டோ பவுலேசுவின் குழு இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்தைச் சேர்ந்தவர்களை மூளைப் படத்தோடு ஒப்பிட்டது. டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இரு நாட்டவரைவிடப் பிழையின்றி வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையில் செயல் குறைந்து தெரிந்த இடம் மூவருக்கும் ஒன்றே. எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் மொழியில் குறை பிழையாகத் தெரியாமல், மந்தகதியாகத் தெரியும். தமிழிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நெருக்கமானது. க என்ற ஓர் எழுத்து 'கல்', 'தங்கம்', 'அகம்' என்று மூன்று விதமாக ஒலித்தாலும், எந்த இடத்தில் எப்படி என்பது மாறுவதில்லை. அதனால் தமிழில் தடுமாறும் பிள்ளை எப்படியோ வாசித்து முடித்துவிடும். இரண்டு மடங்கு நேரம் ஆனதை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ்ப் பாடத்திலும் போனிக்ஸ் முறையிலேயே எழுத்தறிவிக்க முடியும், அறிவிக்கவும் வேண்டும். 247 என்ற எண்ணிக்கை பிள்ளையை மிரட்டுவது அத்தனையையும் தனித்தனிப் படங்களாகப் பார்க்கும்போதுதான். 12 உயிர், 18 மெய், அவற்றைச் சேர்க்கும் குறிகள் என்று பிரித்துக்காட்டினால் சுமை எவ்வளவோ குறையும். நம் இலக்கணம் இந்தப் பிரிப்பை வைத்தே எழுந்தது. வகுப்பறையோ உயிர்மெய் வரிசையை ராகம் போட்டு ஒப்பிப்பதோடு விட்டுவிடுகிறது. வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவிலிருந்து 'தொ'வைக் காட்டிக் கேட்டால் தடுமாறும். அங்கே ஒரு நியாயமான சிக்கலும் இருக்கிறது: ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது, 'தொ'வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக ஓர் உயிர் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. இதை விளக்காமல் விட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். ஸ்பெல்லிங்கில் தமிழுக்கும் அதன் பங்குக்குத் தொல்லை உண்டு. ந, ன இரண்டும் இன்றைய பேச்சில் ஒரே ஒலி. ர, ற பெரும்பாலோர் வாயில் கலந்துவிட்டன. ல, ள, ழ பிள்ளைகளைப் படுத்தும் பாடு தெரிந்ததே. காது உதவாத இந்த இடத்தில் விதி உதவும். ஒரு சொல்லுக்குள் த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன்: தந்தை, பண்டம், கன்று. இன எழுத்து என்று ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் இலக்கணமாகச் சொல்லும் இதை இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் உபாயமாகச் சொன்னால் எத்தனையோ சிவப்பு மைக் கோடுகள் மிச்சமாகும். பத்து முறை 'கன்று' எழுதிய பிள்ளைக்குக் 'கன்று' மட்டும் தெரியும். விதி தெரிந்த பிள்ளை 'குன்று', 'நன்று', 'மூன்று' எதையும் எழுதும்.

போனிக்ஸைப் பற்றி அதிகமாக வாக்குக் கொடுப்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பவர்ஸ், இதற்கான ஆதாரம் சொல்லப்படும் அளவுக்கு வலுவானதல்ல என்றும், சொல்லின் வேரையும் பொருளையும் தொடக்கத்திலிருந்தே சேர்க்க வேண்டும் என்றும் 2020இல் விரிவாக வாதிட்டார். ஆர்டனின் பெயரும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமின் பெயரும் இணைந்த புகழ்பெற்ற முறை, கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்துவது. மணலில் விரலால் எழுதுவதெல்லாம் அங்கிருந்து வந்தவை. அந்த முத்திரை பெற்ற பாடங்களை மட்டும் எடுத்து 2021இல் செய்த தொகுப்பாய்வில் பலன் நல்ல பக்கம் சாய்ந்தாலும் புள்ளிவிவர உறுதி கிடைக்கவில்லை. எனவே பெரிய பெயருக்காகப் பெரிய கட்டணம் கட்ட அவசியமில்லை. வரிசை, தெளிவு, திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். முழுக் குணம் என்ற பேச்சும் நம்பத்தக்கதல்ல. ஜோசப் டார்கெசன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாகப் பின்தங்கிய 8 முதல் 10 வயதுள்ள 60 பிள்ளைகளுக்குத் தினம் இரு முறை 50 நிமிடம் வீதம் எட்டு வாரம், மொத்தம் 67.5 மணி நேரம் தனித்தனியாகப் பாடம் நடந்தது. பிழையின்றி வாசிப்பதும் புரிந்துகொள்வதும் வெகுவாக முன்னேறி, இரண்டு ஆண்டுகள் கழித்தும் நிலைத்தன. சுமார் 40 சதவீதம் பேருக்கு அதன் பிறகு சிறப்புக் கல்வி தேவைப்படவில்லை. ஆனால் வேகத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டவில்லை. என் கணிப்பில் இது தோல்வி ஆகாது. மெதுவாகவேனும் சரியாக வாசிப்பவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் பயன்படும். வாசிக்கவே தெரியாதவருக்கு மூன்று மணி நேரமும் நான்கு மணி நேரமும் ஒன்றுதான்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. இங்கிலாந்து ஜிம் ரோஸ் குழுவின் 2006 அறிக்கைக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கத்திலேயே போனிக்ஸ் என்று முடிவெடுத்தது. 2012 முதல் ஆறு வயதில் ஒரு சிறு சோதனை: 40 சொற்கள், அதில் 20 பொருளே இல்லாத கற்பனைச் சொற்கள். பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும், சொல் அதன் பெயர். மனப்பாடமும் ஊகமும் அங்கே செல்லாது என்பதால் யாருக்கு ஒலிசேர்ப்பு வரவில்லை என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். முதல் ஆண்டில் 58 சதவீதம் பேர் தேறினார்கள், 2019இல் 82. சோதனைக்கே பழக்கப்படுத்தியதன் பங்கும் அதில் இருக்கலாம். ஆனாலும் மிச்சமுள்ளவர்கள் யார் என்பது ஆறு வயதிலேயே தெரிவது சிறிய லாபமல்ல. வகுப்பு முழுவதற்கும் பொதுப் பாடம், தேங்கியவர்களுக்குச் சிறு குழு, அதிலும் தேங்கிய இரண்டொருவருக்குத் தனிப் பாடம் என்ற ஏற்பாடு நமக்கு அந்நியமும் அல்ல. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறது. அரும்பிலேயே நின்றுவிடும் பிள்ளைக்கு அடுத்து என்ன பாடம் என்பதுதான் எழுதப்பட வேண்டியது. வண்ணக் கண்ணாடி, டிஸ்லெக்சியாவுக்கென்று விற்கும் எழுத்துரு, கண் பயிற்சி ஆகியவற்றில் காசைக் கரைக்க வேண்டாம். கண் பயிற்சிக்கும் வண்ண வில்லைகளுக்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. இந்திய மொழிகளிலேயே கண்டறியும் கருவியை மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கியிருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் இந்தத் துறையில் இயங்குகிறது. பொதுத் தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. அவை பிச்சையல்ல, உரிமை. ஆனால் மூன்றாம் வகுப்பில் குறை தெரிந்து, பத்தாம் வகுப்பில் சலுகை வாங்கும் பிள்ளைக்கு நடுவில் ஏழு வருடம் கிடக்கிறது. சான்றிதழ் கையில் வந்ததும் பெரும்பாலான வீடுகளும் பள்ளிகளும் கடமை முடிந்ததாக ஓய்ந்துவிடுகின்றன. சான்றிதழ் வாங்கும் நாளிலேயே பள்ளியிடம் இதையும் கேளுங்கள்: என் பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் வரிசையாகக் கற்றுத்தரப்போவது யார், வாரத்தில் எத்தனை நாள், எந்த ஒலியிலிருந்து தொடங்கப்போகிறார்கள்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை, தயவுசெய்து, பத்து முறை எழுதச் சொல்வதை நிறுத்திவிடுங்கள்.